ஜீப் பார்க்கப் போனவர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவர் மகளும் மருமகனும் வீரபாண்டிப் பக்கம் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அவர்கள் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொள்ளும்படி ஆகிவிடக் கூடாது.

திருப்பூரில் எங்கள் தெருவில் யார் எதைப் பழசாக வாங்குவதென்றாலும் முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். சைக்கிள், தையல் மெஷின், கிணற்று மோட்டார், ஒரு தடவை கறவை மாடுகூட. அவர் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிட்டர். துணி பின்னுகிற மெஷின்களைக் கழற்றி, சரிசெய்து, மாட்டுகிற வேலை. ஒல்லியான உடம்பு. எப்போதும் சிவந்திருக்கும் கண்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். ஒரு பொருளைப் பார்க்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். தொட்டுப் பார்ப்பதெல்லாம் கடைசியில்தான். முதலில் அதை ஓடவிடச் சொல்லுவார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்பார். பிறகு, வாங்க வந்தவர் பக்கம் திரும்பி மெதுவாக, "சொல்லலாமுங்களா?" என்பார்.

அதைக் கேட்டதும் விற்கிறவர் முகம் மாறிவிடும். ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவும் நல்லதாக இருந்ததில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் வீட்டிலேயே பனியனுக்கு ஓரம் அடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு தையல் மெஷினைப் பார்த்து வைத்திருந்தார். பெயின்ட் அடித்துப் புதுசு போல நிறுத்தியிருந்தார்கள். இவர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றவிட்டுக் கேட்டுவிட்டு, உள்ளே ஒரு பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது, தீபாவளி வரைக்கும் தாங்காது என்றார். விற்க வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தார்கள். விரிசல் இருக்கத்தான் செய்தது. அந்த அம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கேட்டபோது மட்டும் சொல்லிவிட்டு இருந்தால் அவரைத் தெருவே தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். கேட்காதபோதும் அவருக்கு வாய் நிற்காது. ஒரு புதுமனை புகுவிழாவுக்கு நானும் போயிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். இலையில் பாயசம் ஊற்றும்போது அண்ணாந்து பார்த்தார். வீட்டுக்காரர் வாளியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லலாமுங்களா?"

"சாப்புடுங்க, பொறகு சொல்லுங்க."

"அந்த உத்தரம் இப்பவே வளையுதுங்க. மழைத் தண்ணி எறங்குனா விட்டுக் குடுத்துரும்."

வந்திருந்த சனமெல்லாம் மேலே பார்த்தது. வீட்டுக்கார அம்மாள் உள்ளே போய் அழுததாகப் பிறகு சொன்னார்கள். அடுத்த மழைக்காலத்தில் உத்தரம் விரிசல் விட்டது. அதற்காக அவரிடம் யாரும் வந்து, நீங்கள் சொன்னது சரிதான் என்று சொல்லவில்லை. விசேஷங்களுக்குக் கூப்பிடுவதுதான் குறைந்துபோனது.

குறை கண்டுபிடிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். சுமை இறக்கிய ஆளின் முகம்கூட இல்லை, இன்னும் தூக்க வேண்டியது பாக்கி இருக்கிற ஆளின் முகம். ஒரு தடவை அவரே சொன்னார். "நானெங்கீங்க தம்பி தேடிப் போறேன்? அதா வந்து காதுல உளுகுதுங்க. ஊட்ல வந்து படுத்தாலும் தெருக்கோடியில ஓடற மெஷின்ல எந்த ஊசி மொட்டையாயிருக்குதுன்னு கேக்குது. தூங்கிப் பல வருசமாச்சுங்க."

அவர் மனைவி விஷயம் நான் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள் சொன்னது. ஒரு நாள் அந்த அம்மாள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு வாங்குகிற சத்தத்தில் இவர் காதுக்கு என்னமோ பட்டிருக்கிறது. உள்ளூர் டாக்டர் வெறும் சளி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். இவருக்கு மனசு ஒப்பவில்லை. மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து, மற்றவர்களிடம் கேட்பது போலவே, சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாளும் தலையாட்டியிருக்கிறார். சொல்லிவிட்டார். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டியபோது இவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் கோடை முழுக்க எல்லாம் தெரிந்துகொண்டே இருந்துவிட்டு, மழை தொடங்கும்போது அந்த அம்மாள் போய்விட்டார்.

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அப்பா வேலை செய்த கம்பெனியிலேயே பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள்.

அறுபதுகளின் நடுவில் நானும் என் அண்ணனும் நொய்யல் கரையோரம் ஒரு சின்ன ஷெட்டில் பின்னல் மெஷின்கள் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். நூல் கிடைத்தால் கரண்ட் இருக்காது, கரண்ட் இருந்தால் நூல் இருக்காது. இரண்டும் இருந்தால் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு இருக்காது. காலையில் ஷெட்டின் கதவைத் திறக்கும்போதே எப்போது மூடுவோம் என்றிருக்கும். எனக்கு அப்போது வயது முப்பதுகூட முடியவில்லை.

அந்தச் சமயத்தில் மடத்துக்குளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கால் போன போக்கில் வாய்க்கால் ஓரமாக நடந்தபோது, ஒரு தென்னந்தோப்புக்குள் ஜீப் ஒன்று நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து மிலிட்டரி ஜீப். மேலே தென்னை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். டயர்கள் காற்றில்லாமல் மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தன. ஸ்டியரிங் இடது பக்கம். பானெட்டின் மேல் வெள்ளை நட்சத்திரம் ஒன்று பச்சை பெயின்ட்டுக்கு அடியிலிருந்து லேசாகத் தெரிந்தது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தோப்புக்காரரை விசாரித்தேன். சண்டை முடிந்த பிறகு ஏலத்தில் அவர் தகப்பனார் எடுத்ததாம். மலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்த வண்டியாம். அவர் போன பிறகு ஓட்ட ஆளில்லாமல் நின்றுவிட்டது. நல்ல ஆளாக வந்தால் கொடுத்துவிடலாம் என்றார்.

வாங்கினால் என்ன என்று தோன்றியது. எங்கே ஓட்டிக்கொண்டு போவது என்று யோசித்ததாக ஞாபகம் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, சாயங்காலம் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, திரும்ப மாட்டுவதைத்தான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதையும் ஒருத்தரு வந்து பாத்துச் சொல்லட்டும்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் வந்து பார்த்தால் கதை அத்தோடு முடிந்தது என்று அண்ணனுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து வேறு பஸ் மாறி, அவரும் நானும் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஓடவிடச் சொல்லுங்க தம்பி."

"ஓடாதுங்க."

"ஓடாத வண்டிங்களா?"

அவர் அதுவரைக்கும் சத்தமே இல்லாத ஒரு மெஷினைப் பார்க்க வந்ததில்லை என்று நினைக்கிறேன். தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தென்னை ஓலை உரசுகிற சத்தம்தான் இருந்தது. பிறகு துண்டைக் கீழே விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போய்விட்டார். வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்ததும், சொல்லலாமுங்களா என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தார். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பின் பக்கம் பட்டை ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தில் விரிசல், யாரோ வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் விட்டுவிட்டது. எஞ்சின் பிளாக்கில் ஒரு கீறல். தரைத் தகடு கையால் அமுக்கினால் உதிர்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

"அப்ப வேண்டாமுங்களா?"

"இன்னும் பூராவும் பாக்கலீங்களே. இன்னொருக்கா வரோணும்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எதையும் ஒரு தடவைக்கு மேல் பார்க்கிற ஆள் அல்ல அவர்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்குப் பிறகும். அவருக்கு லீவும் எனக்கு ஒழிவும் சேர்ந்து வருகிற ஞாயிறெல்லாம் போனோம். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குறையோடு வெளியே வருவார். கியர் பாக்ஸ், பிரேக் குழாய், ரேடியேட்டர். ஒரு நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லப் போனேன். கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கூப்பிட்டேன், பதிலில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு கை அச்சின் மேல் கிடக்க, வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு எறும்பு ஊர்ந்தது. அதுகூடத் தெரியவில்லை.

தோப்புக்காரரும் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்காளு தூங்கறாப்லயாட்டத் தெரியுதுங்களே."

"இல்லீங்க, பாத்துட்டு இருக்கறாருங்க" என்றேன்.

அவரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டை விழுந்த கண்ணாடி வழியாகத் தூரத்தில் மலை தெரிந்தது. செய்ய வேண்டியது என்று எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான் போயிற்று. கீழே அவர் தூங்குவார், மேலே நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அன்றைக்குக் கண்ட குறையைச் சொல்லுவார், நானும் கேட்டுக்கொள்வேன். விலை என்ன என்று நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை.

அவர் மகள் ஒரு தடவை கடைவீதியில் துணி வாங்க வந்த இடத்தில் என்னைப் பார்த்தாள். "அண்ணா, அந்த வண்டிய வாங்கறீங்களோ இல்லீங்களோ, அப்பாவக் கூட்டிட்டுப் போறத மட்டும் நிறுத்தீராதீங்க. அன்னிக்கு ஒரு நாளுதான் ஊட்ல நிம்மதியாக் கொளம்பு வெக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு நின்ற பிறகு இன்னொன்றும் சொன்னாள். "எங்கம்மா கடைசி நாள்ல சிரிக்கவே இல்லீங்கண்ணா. நோவுனால இல்ல. அப்பா சொன்னதுனால."

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி இரண்டு இடம் வந்து போயிருந்தது. முதலில் வந்த மாப்பிள்ளை அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவதை இவர் பார்த்துவிட்டு, இந்தக் கண் ரொம்ப நாளைக்கு நூலைப் பார்க்காது என்று பையனின் அப்பாவிடமே சொன்னார். அவர்கள் பலகாரத் தட்டைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். இரண்டாவது இடத்தில் பையனின் அம்மாவுக்கு மூட்டில் வருகிற சத்தத்தைப் பற்றிச் சொன்னார். பெண் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்திருந்தாளாம்.

மூன்றாவதாக வந்த இடம் வீரபாண்டி. பையன் சாயப்பட்டறையில் வேலை. இவர்கள் கம்பெனிக்குச் சாயம் போடத் துணி ஏற்ற மாட்டு வண்டியோடு வருவான். அவளுக்கு அவனைத் தெரியும். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது என்று தாய்மாமனிடம் அவளே சொல்லிவிட்டாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிச் சொல்வது பெரிய விஷயம்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் இவர் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"நாளைக்குப் போலாமுங்களா தம்பி?"

"நாளைக்கு உங்கூட்டுக்கு மாப்ள ஊட்டுக்காரங்க வாராங்களே."

"அதுக்குத்தாங்க போகோணும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மெஷின் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பையன நான் கம்பெனியில பாத்திருக்கறேனுங்க. அங்க உக்காந்திருந்தா என்ற வாயி நிக்காது. மச்சான் இருக்கறாப்ல, பேசிக்குவாப்ல. எனக்குக் கம்பெனி வேலையா வெளியூர் போகோணும்னு சொல்லீட்டேன்."

பெற்ற அப்பன் இல்லாமல் பெண் பார்ப்பதா என்று யாராவது கேட்பார்களே என்று எனக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் யோசித்திருக்க மாட்டாரா.

அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கம்பெனி வேலை என்று சொன்னதை மகள் நம்புவதற்காகப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜீப் இல்லை. ஓலைகள் ஓரமாகக் கிடந்தன. வண்டி நின்ற இடத்தில் புல் வெளுத்து மஞ்சளாக இருந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு குழி.

தோப்புக்காரர் சங்கடத்தோடு வந்தார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க வாங்க மாட்டீங்கன்னு எனக்குத் தோணீருச்சுங்க. நாலு நாளைக்கு முன்னால பழனிப் பக்கமிருந்து ஒருத்தரு வந்தாருங்க. லாரியில கவுறு கட்டி இழுத்துட்டுப் போயிட்டாரு."

"அடியில படுத்துப் பாத்தாருங்களா?" என்று இவர் கேட்டார்.

"இல்லீங்க."

"பானெட்டத் தூக்கிப் பாத்தாருங்களா?"

"எதையும் பாக்கலீங்க. ஒருக்காச் சுத்தி வந்தாரு, புடிச்சிருக்குதுன்னாரு. அவ்வளவுதானுங்க."

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மஞ்சள் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி போய்விட்டதே என்று வருத்தமா என்றால், அப்படியும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்றுதான் முதலில் நினைத்தேன். அலுப்பாக இருந்தது.

சாயங்காலம் வரைக்கும் வீட்டுக்குத் திரும்ப முடியாது. இரண்டு பேரும் வாய்க்கால் மேட்டில் போய் உட்கார்ந்தோம். அவர் துண்டை விரித்துப் படுத்துப் பார்த்தார். புரண்டு புரண்டு படுத்தார். கண் மூடவில்லை. வெகு நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி."

"சொல்லுங்க."

"உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லலாமுங்களா?"

அது ஜீப்பைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேண்டாமுங்க" என்றேன்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. உங்ககிட்டச் சொல்லீட்டன்னா அங்க போயிச் சொல்லாம இருந்துக்குவேன்."

"சின்னதா இருந்தாலும் வேண்டாமுங்க. நீங்க சொல்லீட்டீங்கன்னா, அந்தப் பையனப் பாக்கறப்பல்லாம் நான் அதையேதான் பாப்பேன். நாளைக்கு உங்க புள்ளயப் பாத்தாலும் எனக்கு அதுதான் நெனப்பு வரும்."

அவர் என்னைப் பார்த்தார். அப்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு வாய்க்காலில் இறங்கி முகத்தைக் கழுவினார், மறுபடி கழுவினார். கரையேறும்போது வழுக்கியது, கையைப் பிடித்துத் தூக்கினேன்.

கல்யாணம் சிவன்மலையில் நடந்தது. மகள் வீரபாண்டிக்குப் போனாள். கொஞ்ச காலம் கழித்து இவரையும் அங்கேயே கூட்டிக்கொண்டாள். வேலையை விட்டுவிட்டிருந்தார், இருமல் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கேதான் முடிந்தார். சாவுக்குப் போனபோது மகள் என்னிடம், "பேசீட்டே இருப்பாருங்கண்ணா, திடீர்னு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. தெருவுல கொஞ்ச தூரம் நடந்துட்டு வருவாரு. ஏன்னு கேட்டா ஒண்ணுமில்ல கண்ணும்பாரு" என்றாள். அவளுக்கு அது புரியவில்லை. நான் விளக்கவில்லை.

மருமகனை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். வேண்டாம் என்று நினைத்தாலும் என் கண் அவன் நடையில், கையில், மூச்சில் எதையோ தேடும். ஒன்றும் தெரிந்ததில்லை. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். அவனுக்கு அலைச்சல் ஜாஸ்தி, தலை சீக்கிரமே நரைத்துவிட்டது. அப்படிப் பார்த்தால் எங்கள் எல்லோருக்குமே நரைத்துவிட்டது. நான் பிறகு எந்த வண்டியையும் பார்க்கப் போகவில்லை. அண்ணனோடு அந்த ஷெட்டிலேயே காலம் போயிற்று.

பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் தோப்பிலிருந்து திரும்பி வந்தபோது அவர் வீட்டு வாசலில் கோலம் கலைந்து கிடந்தது. வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். தாய்மாமன் பஸ் ஏறப் போயிருந்தார். மகள் தலையில் வைத்த பூவோடு வாசலுக்கு வந்தாள். அப்பாவின் புதுச் சட்டை முதுகெல்லாம் மண்ணாக இருப்பதைப் பார்த்தாள்.

"ஆச்சுங்களா கண்ணு?" என்றார் அவர்.

"ஆச்சுங்கப்பா. வாற மாசம் வெச்சுக்கலாம்னு சொல்லீட்டாங்க."

"சரி."

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. சடாரென்று உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையே போடவில்லை. பால் வேறு அடிப்பிடித்திருந்தது. அன்றைக்கு இருந்த பரபரப்பில் அவளுக்கு எதுவும் ஞாபகம் இருந்திருக்காது.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கணம் இருந்தார். பிறகு நிறுத்தாமல் குடித்து முடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களாப்பா?" என்று அவள் கேட்டாள்.

"ஊத்து கண்ணு" என்று டம்ளரை நீட்டினார்.